மோவாய்க் குழுவின் வெற்றி வரலாறு

உலக நாடுகள் நிலவை ஆராயக் குழு அமைத்திருக்கின்றன. கடலடியை அளக்கக் குழு அமைத்திருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு பெண்மணியின் மோவாயில் அரிசி அளவே இருந்த ஒரு பருவை ஆராய்வதற்காக, தலைவர், செயலாளர், தொழில்நுட்ப ஆலோசகர், பதாகை எல்லாம் குறைவின்றி அமைந்த நிரந்தரக் குழு ஒன்றை நிறுவிய பெருமை, பராகுவே நாட்டில் எங்கள் சான் ஹெர்வாசியோ நகரத்துக்கு மட்டுமே உரியது.

அந்தக் குழுவின் செயலாளர் எவேலியோ ஆகிய நான், இந்த வரலாற்றைப் பணிவுடன் எழுதுகிறேன். எந்தப் பொருளையும் அது எப்படி வேலை செய்கிறது என்று திறந்து பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அலுவலக மின்விசிறியை இரண்டு முறை கழற்றியிருக்கிறேன். ஒரு முறை திரும்ப மாட்டியும் இருக்கிறேன். ஆகவே இந்த விஷயத்தையும் பொறுமையாக, பாகம் பாகமாகக் கழற்றிக் காட்டுகிறேன்.

மோவாய்க்குச் சொந்தக்காரர் பிளாசிதா. ஊரே மரியாதையாக 'ஞா பிளாசிதா' என்று கூப்பிடும். பேருந்துகளில் சீபா விற்பவர். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து சுட்ட அந்த வளைய ரொட்டியைத் தலைக்கூடையில் வைத்துக்கொண்டு, ஓடத் தொடங்கிவிட்ட பேருந்தில்கூட ஏறிவிடுவார். 'சீபா, சூடான சீபா' என்று அவர் போடும் சத்தத்தில் கடைசி இருக்கையில் தூங்குபவரும் எழுந்து சில்லறை தேடுவார்.

அவருடைய மோவாயின் நடுவில் ஒரு பரு வந்தது. வீங்கியது, உடைந்தது, ஒரு சொட்டு மஞ்சள் நீர் வந்தது, பொருக்குத் தட்டியது, ஆறியது. ஆறிவிட்டது என்று எல்லோரும் சொல்லி முடித்ததும், அதே இடத்தில் மறுபடி உடைந்தது. வலி துளியும் கிடையாது. சுற்றியிருந்த தோல் மட்டும், மெத்தையில் தைத்த பொத்தானைப் போல, உள்ளே யாரோ நூல் கட்டி இழுத்துப் பிடித்திருப்பது மாதிரி குழிந்திருந்தது. உள்ளே இருந்து இழுப்பது யார்? இதுதான் பிரச்சினை.

பிரச்சினை சின்னது, விளைவு சின்னதல்ல. உணவு விற்பவருக்கு உடல்நலச் சீட்டு வேண்டும். முகத்தில் ஆறாத புண் இருந்தால் சீட்டு கிடையாது. சீட்டு இல்லாவிட்டால் எந்த ஓட்டுநரும் பேருந்தில் ஏற்ற மாட்டார். புனித வாரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் நாடு முழுவதும் சொந்த ஊருக்குப் பேருந்தேறும். ஏறிய ஒவ்வொருவரும் சீபா கேட்பார்கள். ஞா பிளாசிதாவின் வீட்டு அடுப்பு ஆண்டு முழுவதும் எரிவதே அந்த ஒரு வாரத்தின் தயவில்தான்.

இங்கே எங்கள் நலவாழ்வு நிலையத்தின் அமைப்பை விளக்கியாக வேண்டும். இயந்திரம் புரியாமல் அதன் அழகு புரியாது.

எங்கள் நிலையத்தில் மனித உடல் விஞ்ஞான முறைப்படி பங்கு போடப்பட்டிருக்கிறது. உதட்டுக்கு வெளியே இருக்கும் முகம் முழுவதும் தோல் பிரிவுக்குச் சொந்தம். உதட்டுக்கு உள்ளே இருப்பவை பல் பிரிவுக்குச் சொந்தம். உதடு, எல்லைக்கோடு. தோல் பிரிவு முற்றத்து மாமரத்துக்கு இந்தப் பக்கக் கட்டடத்தில்; பல் பிரிவு அந்தப் பக்கக் கட்டடத்தில். நடுவில் இருக்கும் முற்றத்தை ஒரு கோழி யோசிக்காமல் கடந்துவிடும். நோயாளி கடப்பதற்குப் பரிந்துரை வேண்டும். பரிந்துரைக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் உதட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். உதட்டுக்கு உள்ளே காரணம் இருக்கிறதா என்று பார்க்கத் தோல் பிரிவுக்கு அதிகாரம் இல்லை. எவ்வளவு கச்சிதமான பூட்டு பாருங்கள்! சாவி பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

தோல் பிரிவின் தலைவர் டாக்டர் இன்சௌரால்தே. பெயரைப் போலவே நீளமான மனிதர். முதலில் அவர் களிம்பு கொடுத்தார். பிறகு வேறு நிறக் களிம்பு. பிறகு மாத்திரை. மாத்திரை சாப்பிடும்வரை புண் ஆறியிருந்தது, நிறுத்தியதும் திறந்துகொண்டது. "மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதுவே நிரூபணம்" என்றார் டாக்டர். பிறகு அந்தப் பருவைச் சுற்றி வெட்டி எடுத்துத் தையல் போட்டார். தையல் போட்ட கோட்டின் நடுவிலேயே, புது வாசலுக்குத் திறப்பு விழா நடத்துவது போல, மஞ்சள் சொட்டு மறுபடி எட்டிப் பார்த்தது. வெட்டிய துண்டு தலைநகருக்குப் போய், 'நாட்பட்ட அழற்சி' என்ற முடிவோடு திரும்பி வந்தது. அதாவது, ரொம்ப நாளாகப் புண்ணாக இருக்கிறது. இது எங்களுக்கு முன்பே தெரியும் என்றாலும், தலைநகருக்கும் தெரிந்துவிட்டதில் ஒரு நிம்மதி.

அதன் பிறகுதான் குழு பிறந்தது.

முதல் கூட்டத்தில் டாக்டர் இன்சௌரால்தே எழுந்து நின்று பேசினார்.

"ஞா பிளாசிதா, நீங்க இனிமே கவலையே படக்கூடாது. உங்க மோவாய் இப்ப அரசாங்கத்தோட கையில இருக்கு."

"அதான் டாக்டர் எனக்குக் கவலையா இருக்கு."

"வேடிக்கையாப் பேசுறாங்க. எழுதிக்கோங்க எவேலியோ. நோயாளி உற்சாகமா இருக்காங்க."

எழுதிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் தெரெரே இல்லாமல் கூட்டம் கிடையாது. கொம்புக் குவளையில் மூலிகைத் தூளை நிரப்பி, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரை ஊற்றி, ஒரே உலோகக் குழலில் ஒருவர் மாற்றி ஒருவர் உறிஞ்சுவோம். குவளை வட்டமாகச் சுற்றி வரும். சுற்றில் யாரையும் தாண்டிப் போவதில்லை; அமைச்சர் வந்தாலும், கதவு செப்பனிடத் தச்சர் வந்தாலும் அவர் முறை வந்தால் அவருக்குத்தான். அன்று குவளை ஞா பிளாசிதாவின் பக்கம் வந்தபோது டாக்டர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். சுகாதாரம் கருதி அவங்களுக்குத் தனியா ஒரு குவளை வச்சிருக்கோம். அழகான குவளை. மூடிகூட இருக்கு."

ஞா பிளாசிதா அந்தக் குவளையைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"நன்றி" என்றார்.

எங்கள் ஊரில் தெரெரே சுற்றில் நன்றி சொன்னால், எனக்கு இனி வேண்டாம் என்று அர்த்தம். டாக்டர் அதை நன்றியாகவே எடுத்துக்கொண்டார். அதையும் எழுதச் சொன்னார்.

அடுத்தடுத்த கூட்டங்களில் நவீன விஞ்ஞானம் உள்ளே நுழைந்தது. தொழில்நுட்ப ஆலோசகராகப் பொறியாளர் தரியோ வந்தார். அவரிடம் 'முகநோக்கி' என்று ஒரு செயலி இருந்தது. கைபேசியில் படம் எடுத்தால் போதும், என்ன நோய் என்று அதுவே சொல்லிவிடும்.

"அசையாதீங்க அம்மா. உதடு படத்துல வரக்கூடாது. உதடு வந்தா செயலி குழம்பிடும்."

"உதட்டை எங்க தம்பி கழற்றி வைக்கிறது?"

"நீங்க அப்படியே இருங்க. நான் வெட்டிக்கிறேன்."

"இதுவரைக்கும் வெட்டினது போதாதா?"

"படத்தைத்தான் அம்மா."

உதட்டையும் அதற்கு மேலே உள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மோவாயை மட்டும் செயலியிடம் கொடுத்தார். அது ஒரு சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி யோசித்தது. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில், மிக உயர்ந்த சதவீத உறுதியோடு, திரையில் முடிவு வந்தது: 'இது ஒரு மோவாய்.'

கைதட்டினோம். டாக்டர் இன்சௌரால்தே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எந்த மனிதனாலும் இவ்வளவு உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். அது உண்மை. அவரே அதுவரை எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

புனித வாரத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, குழு தன் மாபெரும் முடிவுக்கு வந்தது. மோவாயின் தோலை அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டுவது. தலைநகரத்தில் நாள் குறித்தாகிவிட்டது. டாக்டர் அதை ஒரு பரிசைப் போல அறிவித்தார்.

"தொடைத் தோலா?" என்றார் ஞா பிளாசிதா.

"பிரமாதமான தோல். வெயில் படாதது."

"அப்ப யாராவது என் முகத்தைப் பார்த்தா, என் தொடையைப் பார்த்த மாதிரி."

பொறியாளர் தரியோ சிரித்துவிட்டு, டாக்டரைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அதை ஒட்டினா ஆறிடுமா டாக்டர்? உறுதியாச் சொல்லுங்க. இந்த வருஷம் புனித வாரம் போச்சுன்னா போகட்டும். ஆனா முகம்? சத்தம் போட்டு விக்கிறவ நான். வாயைப் பெருசாத் திறந்தா இழுத்துக்காதா?"

"கொஞ்சம் இழுக்கும். மெதுவாக் கூவிக்கலாம்."

"ஓடுற பஸ்ல மெதுவாவா?"

இதற்கு டாக்டரிடம் பதில் இருந்தது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு எதிர்காலத்தில் கலந்தாலோசிக்கப்படும் என்பதே அது. ஞா பிளாசிதா தன் தோள் துண்டால் மோவாயை மூடிக்கொண்டார். அதுவரை எல்லாக் கூட்டங்களிலும் ஏதாவது ஒரு கிண்டலோடு எழுந்து போனவர், அன்று எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். இதை டாக்டர் எழுதச் சொல்லவில்லை.

தலைநகர் புறப்படுவதற்குக் கையெழுத்து வாங்கும் கூட்டம், 'முழு மனிதன் வாரம்' நடந்தபோது வந்தது. மனிதனை முழுமையாகப் பார்க்க வேண்டும், துண்டு துண்டாகப் பார்க்கக் கூடாது என்ற உயர்ந்த கருத்தைப் பரப்பும் வாரம் அது. கூட்ட அறை முழுவதும் கண்காட்சிக்குப் போய்விட்டது. நடுவில் ஓர் ஆளுயர மனிதப் படம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் தீட்டி, எந்த உறுப்பு எந்தக் கட்டடம் என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். முழு மனிதனுக்கு இடம் போதாததால், ஞா பிளாசிதாவை மருந்துக் குளிர்பெட்டி இருக்கும் பின்னறைக்கு அழைத்துப் போனோம்.

அந்தக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் மருந்து கிடையாது, பனிக்கட்டிதான். பல் பிரிவின் குளிர்பெட்டி கெட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. ஆகவே பல் பிரிவின் டாக்டர் நில்தா, வெயில் உச்சிக்கு ஏறியதும், கையில் தண்ணீர்க் குடுவையோடு முற்றத்தைக் கடந்து வந்து பனிக்கட்டி அள்ளிப் போவார். தெரெரேக்குப் பனிக்கட்டி எடுக்க வருவதற்குப் பரிந்துரை தேவையில்லை.

டாக்டர் இன்சௌரால்தே பேனாவைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும், மன்னிக்கணும். ஐஸ் மட்டும். நீங்க பேசுங்க."

குடுவையில் பனிக்கட்டியைக் கொட்டினார். தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தன் குவளையில் ஊற்றி ஒரு முறை உறிஞ்சினார். முன்பல் கூசியதில் முகத்தைச் சுளித்தார். பிறகு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்காமல், எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது போல, குவளையை மறுபடி நிரப்பிப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் ஞா பிளாசிதா.

டாக்டர் இன்சௌரால்தே கையை உயர்த்துவதற்குள் ஞா பிளாசிதா வாங்கிக் குடித்துவிட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த குவளை. குழலில் ஒரு சொட்டு விடாமல், சத்தம் வரும்வரை உறிஞ்சினார். அவர் குனிந்து குடிக்கும்போது டாக்டர் நில்தா அந்த மோவாயைப் பார்த்தார்.

"இது என்ன அக்கா? எத்தனை நாளா இருக்கு?"

"நாளா? இதுக்குன்னு ஒரு குழுவே இருக்கு டாக்டரம்மா. பதாகைகூட இருக்கு."

"எந்தப் பல்லு வலிக்குது?"

எல்லோரும் டாக்டர் நில்தாவைத் திரும்பிப் பார்த்தோம். தேவாலயத்தில் யாரோ விசில் அடித்துவிட்டது போல.

"பல்லா?" என்றார் ஞா பிளாசிதா. "பல்லு எதுவும் வலிக்கலயே. பரு இல்ல இது?"

"வாயைத் திறங்க."

டாக்டர் இன்சௌரால்தே எழுந்துவிட்டார். "டாக்டர் நில்தா! உதட்டுக்கு உள்ளே போக இந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் கிடையாது."

"உங்களுக்குக் கிடையாது டாக்டர். எனக்கு உள்ளேதான் அதிகாரம். வெளிய இருக்கிறதை நான் தொடவே மாட்டேன், பயப்படாதீங்க. ஆ... இன்னும் பெருசா. பஸ்ல கூவுற மாதிரி."

ஞா பிளாசிதா வாயைத் திறந்தார்.

கீழ்வரிசை முன்பற்களில் சொத்தை எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு பல் மட்டும், பக்கத்துப் பற்களைவிட ஒரு சாயல் மங்கலாக, பழைய வெள்ளைச் சட்டையின் நிறத்தில் இருந்தது. டாக்டர் நில்தா குடுவையிலிருந்து ஒரு பனிக்கட்டியைத் துணியில் பிடித்து எடுத்தார்.

"கூசினா கையைத் தூக்குங்க."

முதல் பல்லில் வைத்தார். கை உயர்ந்தது. அடுத்த பல். "ஐயோ, அம்மா!" மங்கலான பல்லில் வைத்தார். ஞா பிளாசிதா ஜன்னலுக்கு வெளியே மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அக்கா, கூசலயா?"

"வச்சுட்டீங்களா?"

"வச்சு ஒரு யுகம் ஆச்சு."

அதற்கு அடுத்த பல்லில் வைத்தபோது அவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"இந்தப் பல்லு செத்துப் போச்சு" என்றார் டாக்டர் நில்தா. "எப்பவாவது அடி பட்டுச்சா? விழுந்தீங்களா?"

"விழவே இல்ல. கூடையோட ஓடுற பஸ்ல ஏறுறவ. விழுந்தா தொழில் என்ன ஆகுறது?" என்று பெருமையாகச் சொன்னவர், சட்டென்று நிறுத்தினார். "ஒரு தடவை... இது அடியே இல்ல டாக்டரம்மா. சிரிப்பீங்க. டிரைவர் பக்கத்துல நின்னு தெரெரே குடிச்சுக்கிட்டிருந்தேன். வேகத்தடையைப் பார்க்காம ஏத்திட்டான் பாவி. குழல் போய்ப் பல்லுல இடிச்சுது. கொஞ்சம் ரத்தம். துப்பிட்டு சீபா வித்தேன். வருஷக்கணக்கு ஆச்சு. இந்த நாட்டுல யாருக்குத்தான் அது ஆகல?"

அறையில் இருந்த எல்லோருடைய நாக்கும் அவரவர் கீழ்வரிசைப் பற்களைத் தடவிப் பார்த்தது. தொழில்நுட்ப ஆலோசகர் ஒரு பனிக்கட்டியை எடுத்து ரகசியமாக வாயில் வைத்துக்கொண்டார். கூசியதும் அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன்.

பிறகு நடந்தது, இயந்திரங்களை விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு விருந்து. ஞா பிளாசிதா முற்றத்தைக் கடந்தார். கோழியைப் போலவே, பரிந்துரை இல்லாமல். "அங்கே போறதுக்கு எந்தப் படிவம்?" என்று டாக்டர் இன்சௌரால்தே கேட்டுக்கொண்டே பின்னால் வந்தார். பல் வேரை அடைப்பதற்கு அவர்களிடம் மெல்லிய ரப்பர் குச்சிகள் இருக்கின்றன. தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமன், நன்றாக வளையும், ஊடுகதிர்ப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். டாக்டர் நில்தா அதில் ஒன்றை மோவாய்ப் புண்ணின் வாய்க்குள் மெதுவாகச் செலுத்தினார்.

"வெளிய தொட மாட்டேன்னு சொன்னீங்க" என்றார் டாக்டர் இன்சௌரால்தே.

"வெளிய நிக்கல டாக்டர். உள்ளதான் போய்க்கிட்டிருக்கு. பாருங்க."

குச்சி போனது. இன்னும் போனது. ஒரு பருவுக்குள் அவ்வளவு தூரம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். படம் எடுத்தார்கள். மோவாயில் தொடங்கிய அந்த வெள்ளைக் கோடு, எலும்பு வழியாக ஏறி, மங்கலான பல்லின் வேர் நுனியைத் தொட்டு நின்றது. வேர் நுனியைச் சுற்றி எலும்பில் ஒரு சின்ன இருண்ட வட்டம். மெத்தைப் பொத்தானை உள்ளே இருந்து இழுத்துப் பிடித்திருந்த நூல் அதுதான்.

விஷயத்தைச் சொல்கிறேன். பல் ஒரு கல் அல்ல. அதன் நடுவில் நரம்பும் ரத்தமும் ஓடும் மென்மையான சதை இருக்கிறது. குழல் இடித்த இடியில், வேர் நுனி வழியாக உள்ளே வரும் ரத்தம் நின்றுபோனது, சதை செத்துப்போனது. நரம்பும் சேர்ந்து செத்ததால் புகார் சொல்ல ஆள் இல்லை. செத்த சதையில் கிருமிகள் குடியேறின. சீழ், வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கியது. சீழுக்குத் திசை தெரியாது, எளிதான வழி மட்டும்தான் தெரியும். கீழ் முன்பல்லுக்கு முன்னால் எலும்பு மெல்லியது. வேர் நுனியோ, மோவாய்த் தசை எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்துக்கும் கீழே இருக்கிறது. அதனால் சீழ் வாய்க்குள் வராமல், தசைக்கு அடியில் புகுந்து, மோவாய்த் தோலில் வெளியே வந்தது. வடிய வழி கிடைத்ததால் உள்ளே அழுத்தம் இல்லை. அழுத்தம் இல்லாததால் வலி இல்லை. கூரையில் ஓடு உடைந்தது ஓரிடம், தண்ணீர் சொட்டுவது வேறிடம் என்பது வீடு கட்டிய எவருக்கும் தெரியும். நாங்கள் சொட்டும் இடத்தைப் பூசினோம். பிறகு அந்தச் சுவரை இடித்தோம். பிறகு பக்கத்து அறைச் சுவரை வெட்டிக் கொண்டுவந்து அங்கே ஒட்டத் தலைநகரில் நாள் குறித்தோம்.

மாத்திரை ஏன் பாதி வேலை செய்தது என்பதும் இப்போது புரியும். மருந்து ரத்தத்தில் பயணம் செய்கிறது. செத்த பல்லுக்குள் ரத்தம் போவதில்லை. பேருந்து போகாத ஊருக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? வழியில் இருந்த கிருமிகளை விரட்டிவிட்டு, ஊர் எல்லையில் திரும்பிவிட்டது.

டாக்டர் இன்சௌரால்தே படத்தை வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கிருமி," என்றார், "சட்டவிரோதமா எல்லை தாண்டியிருக்கு."

"அதுக்குச் சுற்றறிக்கை அனுப்பலயா டாக்டர்?" என்றார் டாக்டர் நில்தா.

"அனுப்பலாமா?"

கேலி என்று அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மருத்துவம் எளிமையாக முடிந்தது. டாக்டர் நில்தா பல்லின் பின்பக்கம் ஒரு சிறு துளை போட்டார். உள்ளே செத்துக் கிடந்ததைச் சுரண்டி எடுத்து, கழுவி, மருந்து வைத்து, பின்னொரு நாள் வேரை ரப்பரால் அடைத்து மூடினார். பல் பிடுங்கப்படவில்லை. மோவாயில் களிம்பு இல்லை, தையல் இல்லை, தொடை இல்லை. யாரும் தொடாத அந்தப் புண், புனித வாரம் தொடங்கும் குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் தானாக மூடிக்கொண்டது. ஒரு சின்னக் குழி மட்டும் மிச்சம். நாங்கள் போட்ட தையலின் தழும்புதான் அதைவிடப் பெரிது.

ஞா பிளாசிதாவுக்கு உடல்நலச் சீட்டு கிடைத்தது. வாங்கியதும் அதை வாங்கினேன் என்றுகூடச் சொல்லாமல், நேரே பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து எங்கள் நிலையம் அதிகத் தூரமில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக அந்தச் சத்தம் வந்தது: "சீபா! சூடான சீபா!" வாய் முழுவதும் திறந்து போட்ட சத்தம். தோல் எங்கேயும் இழுக்கவில்லை என்று கேட்டவுடனே தெரிந்தது.

குழுவின் நிறைவுக் கூட்டம் புனித வாரம் கழித்து நடந்தது. டாக்டர் இன்சௌரால்தே நடந்தபடியே அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"குழுவின் தளராத முயற்சியாலும், நவீனத் தொழில்நுட்பத்தாலும், பிரிவுகளுக்கு இடையிலான முன்மாதிரியான ஒத்துழைப்பாலும்... எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் டாக்டர்."

"ஒத்துழைப்புக்கு ஒரு ஆதாரம் போடுங்க."

"குளிர்பெட்டின்னு போடட்டுமா?"

"'பகிர்ந்த உள்கட்டமைப்பு'ன்னு போடுங்க. அடுத்தது. இதே மாதிரி நோயாளி திரும்ப வந்தா என்ன செய்யணும்னு ஒரு வழிமுறை வேணும். விரிவா இருக்கணும். தலைநகரத்துக்கு அனுப்பணும். பல் பிரிவோட கருத்தையும் கேட்டுச் சேர்த்துக்கோங்க."

பல் பிரிவின் கருத்து குளிர்பெட்டியிலிருந்து பனிக்கட்டி அள்ளிக்கொண்டிருந்தது. கேட்டேன். டாக்டர் நில்தா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். எழுதி, டாக்டர் இன்சௌரால்தேயிடம் கொடுத்தேன். அவர் காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் டாக்டர்."

"அப்ப இதுக்கு எதுக்குய்யா ஒரு குழு?"

குழு பிறந்த நாளிலிருந்து அந்த அறையில் தலைவர் கேட்ட ஒரே சரியான கேள்வி அது. கடமை தவறாத செயலாளர் என்ற முறையில் அதை அப்படியே பதிவு செய்தேன். அதன் கீழே, தலைநகரம் படிக்கும்படி, பல் பிரிவு சொன்ன வழிமுறையையும் எழுதினேன்:

'மோவாயிலோ கன்னத்திலோ ஆறாத புண்ணோடு ஒருவர் வந்தால், கத்தியை எடுப்பதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லவும். பல்லை ஊடுகதிர்ப் படம் எடுக்கவும். செத்த பல்லைச் சுத்தம் செய்தால், புண் தானே ஆறிவிடும்.'